நாலு மழை

ஜீவராணி அக்காவின் அடுப்படிச் சுவரில், சுண்ணாம்பு இன்னும் கொஞ்சம் வெள்ளையாக மிஞ்சியிருந்த மூலையில், கரியால் கிழித்த கோடுகள் இருக்கும். ஒரு கோடு ஒரு மழை. தூறலுக்குக் கோடு கிடையாது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் இருக்கும் கானில் தண்ணீர் சத்தத்தோடு இறங்கினால்தான் அவர் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுப்பார்.

கான் என்பது தேயிலைச் சரிவில் மழைத்தண்ணீர் வடிவதற்காக வெட்டிய வாய்க்கால். அதன் ஈரத்தில் வல்லாரை தழைத்துக் கிடக்கும். மேலே களைக்கு மருந்து அடித்தால் அந்த மருந்தும் கான் வழியாகத்தான் இறங்கும். அதனால் மருந்து அடித்த நாளிலிருந்து மூன்று மழை போன பிறகுதான் கீரையில் கை வைக்க வேண்டும். மடுல்சீமைப் பக்கத்தில் இருக்கும் அந்தத் தோட்டத்தில் எல்லா லயங்களிலும் அப்படித்தான் செய்கிறார்கள். தோட்டத்தை நடத்தும் தொரையும் சொன்னதில்லை, மருந்து கொண்டுவந்து இறக்குபவர்களும் சொன்னதில்லை. முதல் மழை மருந்தை மலையிலிருந்து இறக்கும், இரண்டாவது கானைக் கழுவும், மூன்றாவது கீரையைக் கழுவும் என்று அவர்களே ஒரு நியாயம் வைத்திருந்தார்கள்.

மற்ற வீடுகளில் மருந்து அடித்த நாளை மறந்துபோவதுண்டு. ஜீவராணி அக்காவின் வீட்டில் மறக்க முடியாது. அடிப்பவர் அவருடைய கணவர் மாடசாமி. அடித்த அன்று பழைய கோடுகளைத் துடைத்துவிட்டு எண்ணிக்கையைப் புதிதாகத் தொடங்குவார்.

அக்காவுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. பிறந்தது அதே லயத்தில், மூன்று வீடு தள்ளி இருந்த காம்பிராவில். பதினேழு வயதில் தோட்டத்தில் பேர் பதிந்தார்கள். அதற்குப் பிறகு முப்பது வருடம் கொழுந்து பறித்தார். மாடசாமியைக் கட்டிக்கொண்டார், ஒரு பெண்ணைப் பெற்றுத் தெமோதரையில் கட்டிக்கொடுத்தார். தெமோதரைக்கு அப்பால் அவர் போனது ஒரே ஒரு முறை, கதிர்காமத்துக்கு. அந்தப் பயணத்தைப் பற்றிக் கேட்டால் வழியெல்லாம் வாந்தி எடுத்ததைத்தான் சொல்வார்.

மாடசாமி முதுகில் மருந்து டேங்கை ஏற்றிக்கொண்டு அடிக்கப் போனது பதினெட்டு வருடங்களுக்கு முன்னால். அந்த வேலை பன்னிரண்டு மணிக்கு முடிந்துவிடும், மிச்ச நேரத்தில் தோட்டம் போடலாம், மாடு பார்க்கலாம் என்று அவராகவே கேட்டு வாங்கியது. இப்போது மாடும் இல்லை, தோட்டமும் இல்லை. மத்தியானம் வந்தால் தொப்பென்று படுத்துவிடுவார். விரல் நகங்கள் கறுத்து ஒவ்வொன்றாகக் கழன்றிருந்தன. குழம்பின் காரம் விரல் நுனியில் பட்டால் எரியும் என்பதால் சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டார். ஏறும்போது மூச்சு விசிலடித்தது. பதுளையில் டாக்டர் நெஞ்சில் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, "இந்த டேங்க இனி முதுகுல ஏத்தாதீங்க" என்றார். மாடசாமி தலையை ஆட்டிவிட்டு வந்து அடுத்த நாள் ஏற்றிக்கொண்டார். தோட்டத்தில் கேட்டபோது, வேறு வேலைக்கு ஆள் இருக்கிறது, டேங்குக்குத்தான் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அவரை அந்த டேங்கிலிருந்து இறக்க வேண்டும். ஜீவராணி அக்காவுக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அதற்கு ஒரு வழி பங்களாவிலிருந்து வந்தது போலத் தெரிந்தது.

பழைய தொரை பங்களாவை மூன்று வருடங்களுக்கு முன் கொழும்புக் கம்பனி ஒன்று எடுத்து, வெளிநாட்டு விருந்தினர் தங்கும் இடமாக மாற்றியிருந்தது. உடம்புக்கும் நல்லது, மலைக்கும் நல்லது என்பதுதான் அதன் வியாபாரம். பிளாஸ்டிக் போத்தல் கிடையாது, இறைச்சி கிடையாது. காலையில் சூரியன் ஏறும்போது வெறுங்காலோடு மெதுவாக நடை, வந்ததும் இலைக்கஞ்சி, பிறகு மூலிகை ஆவி. தூக்கம் வராதவர்களும், வேலையில் எரிந்துபோனவர்களும், ஏழு நாளைக்கு மூச்சு விடுவதற்காக வந்தார்கள். நான் பதுளையில் பிறந்து, ஒன்பது வருடம் கப்பல்களிலும் தீவு ஹோட்டல்களிலும் திரிந்துவிட்டு வந்தவள். எனக்கு எங்கேயும் ஒரு வருடத்துக்கு மேல் கால் தரிக்காது. அந்த வருடம் அங்கே விருந்தினருக்குத் துணையாகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தேன். ஜீவராணி அக்காவைத் தெரிந்துகொண்டது அப்படித்தான்.

ஒரு நாள் காலை நடையில் ஒரு ஜேர்மன்காரியின் விரலிடுக்கில் அட்டை ஏறிவிட்டது. அந்த அம்மா அலறிய அலறலில் மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். ஜீவராணி அக்கா இறங்கி வந்து, வெற்றிலைச் சுருக்குப் பையிலிருந்து சுண்ணாம்பைத் தொட்டு வைத்தார். அட்டை சுருண்டு விழுந்தது. அக்கா அந்த அம்மாவின் பாதத்தை மடியில் வைத்துத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, "அது பாவம், பசிக்கு வந்திருக்கு. இதுக்குப் போயி இந்தக் கத்து" என்றார். நான் மொழிபெயர்த்தேன். அந்த அம்மா சிரித்துவிட்டு, பிறகு அழுதுவிட்டாள். பங்களா மனேஜர் றுஷ்தி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதுளை டவுனைச் சேர்ந்தவர், 'சொல்' என்பது அவர் பேச்சில் 'செல்' ஆகிவிடும். முப்பத்து நான்கு வயது, கணக்காகப் பேசுகிற மனிதர், மோசமானவர் இல்லை.

அடுத்த மாதத்திலிருந்து காலை நடையை நடத்துவது ஜீவராணி அக்காவின் வேலை. புதுக் கூடை, செடி கிழிக்காமல் இடுப்பில் சுற்றிக் கட்டும் தடித்த துணியான படங்கும் புதிது. கூடையில் போடக் கொழுந்து கிடையாது, ஆனாலும் முதுகில் கூடை இருக்க வேண்டும். பறிக்கத் தொடங்கும்போது பெண்கள் எல்லாரும் சேர்ந்து "பொலி பொலி" என்று குரல் கொடுப்பது வழக்கம். விளைச்சல் பெருக வேண்டும் என்று. அக்கா விருந்தினரை வட்டமாக நிறுத்தி அதைச் சொல்ல வைப்பார். எட்டு வெள்ளைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு "பொலி பொலி" என்று சொல்வதை மேலேயிருந்து கேட்டால், பறிக்கிற பெண்கள் சிரிப்பை அடக்கப் படங்கை வாயில் திணித்துக்கொள்வார்கள்.

பெரட்டுக் களத்தில், காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும்போது அக்கா அந்த வழியாகப் போனால், பக்கத்துக் காம்பிரா கருப்பம்மா ஆரம்பித்துவிடுவார்.

"வாங்க தொரைச்சி. இன்னைக்கு எத்தன பேருக்கு மூச்சு உடச் சொல்லிக் குடுக்கப் போறீங்க?"

"ஒனக்கும் சொல்லித் தாறேன், வா."

"நமக்கெதுக்கு? நாம உடுறது பெருமூச்சு மட்டுந்தானே. அதுக்குப் படிப்பு வேணாம்."

"வாய உடாம கொஞ்ச நேரம் இருக்கிறதுக்கு ஒரு வகுப்பு இருக்கு கருப்பம்மா. அதுக்கு வர்றியா?"

அந்த நடையோடு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. பங்களா சமையற்கட்டின் பின்னால் இருந்த கீரைப் பாத்தி ஒரு கைப்பிடிகூடத் தரவில்லை. சமையற்காரர் கேட்டதும் அக்கா வல்லாரை கொண்டுவந்து கொடுத்தார். கழுவி, இடித்து, பச்சரிசியோடு காய்ச்சி, தேங்காய்ப்பாலும் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியும் வைத்தால் அதுதான் இலைக்கஞ்சி. வந்தவர்கள் அதைத்தான் படம் எடுத்தார்கள். விருந்தினருக்குக் கொடுக்கும் தாளில் 'இந்த மலையில் இன்று காலை பறித்தது' என்று நான் எழுதினேன். எங்கே பறித்தது என்று நான் கேட்கவில்லை. றுஷ்தியும் கேட்கவில்லை. பாத்தியில் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம் என்று சொன்னால், அது பாதிதான் உண்மை.

ஆறு மாதம் போன பிறகு றுஷ்தி அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார். பங்களாவுக்குப் பசுமைச் சான்றிதழ் ஒன்று எடுக்கப் போகிறார்கள். பரிசோதகர் வருவார். அது கிடைத்தால் இன்னும் நான்கு அறை திறக்கும், தோட்டக்காரன் வேலை ஒன்று வரும். உரக்குழி பார்க்க, நடைபாதை ஓரத்தில் மரக்கன்று வைக்க.

"ஒங்கட மாப்பிள்ளைய, மாடசாமியப் போடலாம். நான் செல்லிட்டேன் மேலே. சான்றிதழ் வந்தா அடுத்த மாசமே" என்றார்.

அன்று நான் அக்காவோடு லயத்துக்குப் போயிருந்தேன். மாடசாமி வாசல்படியில் உட்கார்ந்து கரண்டியால் சோறு தின்றுகொண்டிருந்தார். அக்கா விஷயத்தைச் சொன்னார்.

"என்ன வேல?"

"சாணியும் எலையும் போட்டுக் கிளறணுமாம்."

"மொகத்துல துணி கட்டணுமா?"

"நாறினாக் கட்டிக்கங்க."

மாடசாமி கொஞ்ச நேரம் மென்றுகொண்டிருந்தார். "சாணி நாத்தமுன்னா பரவாயில்ல புள்ள. அதுக்கு ஒரு பேரு இருக்கு" என்றார். பிறகு சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, கிண்ணத்தைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று.

பரிசோதகர் வெளிநாட்டிலிருந்து ஏப்ரலில் வந்தார். அறுபது வயது இருக்கும், நரைத்த குட்டை முடி, சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள் நிறைந்த ஒரு பெட்டி. நல்ல பெண்மணி. சமையற்கட்டுப் பெண்களின் பெயரையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். தண்ணீர் எடுத்தார், உரக்குழி மண் எடுத்தார். இரண்டாம் நாள் காலை நடையில் வந்தார். கஞ்சியைக் குடித்துவிட்டு, இந்தக் கீரை எங்கே வளர்கிறது, பார்க்கலாமா என்று கேட்டார்.

றுஷ்தி பாத்தியைக் காட்டக் கையை நீட்டினார். அதற்குள் ஜீவராணி அக்கா முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். வெளிநாட்டிலிருந்து வந்த யாரும் நீ பறிக்கிற இடத்தைக் காட்டு என்று அதுவரை கேட்டதில்லை.

பங்களா வேலியைத் தாண்டி, ஏழாம் நம்பர் மலையின் அடியில் இறங்கினோம். தோட்டத்தில் தேயிலை நிலத்தின் ஒவ்வொரு துண்டையும் மலை என்றுதான் சொல்வார்கள். கானின் இரண்டு கரையிலும் வல்லாரை, நாணயம் கொட்டியது போல. மேலே தேயிலைக்கு அடியில் இருந்த புல் மட்டும் பழுத்து, வைக்கோல் நிறத்தில் சாய்ந்திருந்தது. பரிசோதகர் அதைத்தான் முதலில் பார்த்தார். கீரையை அவர் பார்த்ததே பிறகுதான்.

இங்கே களைக்கொல்லி அடிக்கிறார்களா என்று என்னிடம் கேட்டார். நான் அக்காவிடம் கேட்டேன்.

"அடிப்பாங்க மிஸ். எங்க வீட்டுக்காரருதான் அடிப்பாரு" என்றார் அக்கா பெருமையாக. "அதனால எனக்கு நாள் தவறாது. அடிச்ச அன்னைக்கே வந்து சொல்லிருவாரு. நான் செவுத்துல கோடு போட்டு வச்சிருக்கேன். மத்தவங்கல்லாம் மூணு மழை போனாப் பறிப்பாங்க. எங்க வீட்டுக்கும் மூணுதான். ஆனா கெஸ்ட்டுங்களுக்கு நான் நாலு மழை உட்டுத்தான் பறிப்பேன். ஒரு நாளும் தவறினதில்ல. நீங்க இதச் சொல்லுங்க அவங்ககிட்ட."

றுஷ்தி என்னைப் பார்த்தார். கண்ணால் வேண்டாம் என்றார்.

ஒன்பது வருடமாக ஒருவர் சொன்னதை மற்றவருக்கு அப்படியே சொல்லிப் பிழைத்தவள் நான். அதைச் சாக்காகச் சொல்லவில்லை. அக்காவின் முகத்தில் இருந்த பெருமையைப் பாதியில் மடக்கி வைக்க எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். நாலு மழை என்பதையும் சேர்த்தே சொன்னேன். பரிசோதகர் தலையை மெதுவாக அசைத்துக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்ததும் அக்காவின் இரண்டு கையையும் பிடித்து, நீங்கள் மிகவும் கவனமானவர் என்றார். பிறகு குனிந்து, ஒரு பிடி வல்லாரையைக் குப்பியில் போட்டு மூடினார்.

திரும்பி வரும்போது அக்கா என்னிடம் குசுகுசுத்தார். "கைய எப்பிடிப் புடிச்சிக்கிட்டாங்க பாத்தியா தங்கச்சி. கெடைச்சிரும்." அதுவரை என்னை மிஸ் என்றவர், அன்றுதான் முதல்முறை தங்கச்சி என்றார்.

பதிலுக்குக் காத்திருந்த ஐந்து வாரமும் அக்கா வல்லாரை பறிக்கத்தான் செய்தார். அவரிடம் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. றுஷ்தி சமையற்காரரிடம் சொல்லி, அதை வாங்கி வைத்துவிட்டுப் பின்னால் கொட்டச் சொல்லியிருந்தார். வெலிமடையிலிருந்து வான் வண்டியில் கீரை வரத் தொடங்கியிருந்தது, பச்சைக் கூடாரத்தில் வளர்த்தது, பிளாஸ்டிக் தட்டுகளில் அடுக்கி. அக்கா தன் கையால் பறித்த கீரை உரக்குழியில் கிடப்பதை ஒரு நாள் பார்த்துவிட்டார். அந்தக் குழியைக் கிளறத்தான் மாடசாமி வர வேண்டியிருந்தது. என்னிடம் வந்து, "கீர முத்திப்போச்சோ?" என்று கேட்டார். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன்.

மே கடைசியில் பதில் வந்தது. சான்றிதழ் இல்லை. தண்ணீர், மண், எல்லாம் சரி. கீரையில் களைக்கொல்லி மிச்சம், அனுமதித்த அளவைவிட மிக அதிகம். அடுத்த வருடம் மீண்டும் விண்ணப்பிக்கலாம், கீரையை நம்பகமான இடத்திலிருந்து வாங்கினால், விருந்தினரின் நடை மருந்து அடிக்கும் மலைகளைத் தொடாமல் இருந்தால்.

இரண்டையும் உடனே செய்ய முடிந்தது. வெலிமடை வான் ஏற்கனவே வந்துகொண்டிருந்தது. நடைக்குப் பங்களா வளவுக்குள்ளேயே கூழாங்கல் பாதை ஒன்று போட்டார்கள், வட்டமாக, ஒரு சுற்றுக்கு ஏழு நிமிடம். அதில் வழி காட்ட ஆள் தேவையில்லை.

றுஷ்தி அக்காவை உட்கார வைத்துத்தான் பேசினார். ஒரு கிளாஸ் தேத்தண்ணி கொடுத்தார்.

"ஒங்கள்ல குத்தம் செல்லல்ல. எனக்கிட்ட ஒரு வார்த்த செல்லியிருக்கலாம், கான்ல பறிக்கிறண்டு. நானும் கேக்கல்ல. என்ட பிழையும் ஈக்கிது."

"சரிங்க சேர். என்னைய நிப்பாட்டுங்க. நான் கொழுந்துக்குப் போயிக்கிறேன்" என்றார் அக்கா. "அவருக்குச் சொன்ன வேல?"

"நாலு ரூம் இப்ப தொறக்க மாட்டாங்க. அதோட..." றுஷ்தி மேசையில் இருந்த பேனையை நகர்த்தினார். "மருந்து அடிக்கிற மனிசர ஒரு மாதிரிப் பாப்பாங்க, இனி இந்தப் பேரு வந்த பொறகு."

"அவரு அடிக்கப் புடிக்காமத்தானே சேர் இங்க வர்றாரு."

றுஷ்தி பேனையை மறுபடி பழைய இடத்துக்கே நகர்த்தினார். நான் சன்னல் பக்கம் நின்றிருந்தேன். அக்கா தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கிளாஸைக் கழுவி வைக்க எழுந்தார். வேண்டாம் என்று றுஷ்தி சொல்வதற்குள் கழுவிவிட்டார்.

புதுக் கூடையையும் படங்கையும் திருப்பிக் கொடுத்தார். கூடையில் ஒரு கொழுந்துகூட விழுந்ததில்லை, கறை இல்லை.

இரண்டு நாள் கழித்து நான் லயத்துக்குப் போனேன். பரிசோதனைத் தாளின் பிரதி ஒன்றை யாரிடமும் கேட்காமல் எடுத்து வைத்திருந்தேன். அக்கா அதைப் பார்க்க வேண்டும் என்றார். ஒரே பக்கம், ஆங்கிலம், கட்டம் கட்டமாக எண்கள். அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எந்த இடத்தில் கீரை என்று கேட்டார். விரலை வைத்துக் காட்டினேன்.

"இது நாலு மழைக்கு அப்புறம் எடுத்ததுதானே?"

"ஆமாக்கா."

"அதுக்கப்புறமும் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப எத்தன மழை உடணும்?"

தாளை மறுபடி பார்த்தேன், இருக்காது என்று தெரிந்தும். "அது எழுதல்லக்கா. எவ்வளவு இருக்குண்டு மட்டுந்தான் பாப்பாங்க."

"எழுதி அனுப்பிக் கேக்க ஏலாதா?"

நான் கேட்டேன், அந்த வாரமே. அந்தப் பெண்மணி மரியாதையாகப் பதில் எழுதினார். அப்படி ஒரு பாதுகாப்பான மழைக் கணக்கு கிடையாது, அந்த இடத்துக் கீரையைச் சாப்பிடாமல் இருப்பதே நல்லது, ஜீவராணியிடம் என் அன்பைச் சொல்லுங்கள். அக்காவிடம் சொன்னேன். அக்கா என்னை உள்ளே கூட்டிப்போய், மூன்று பிள்ளை பெற்று ஒன்று மட்டும் தங்கியதைப் பற்றி முதல்முறையாக என்னிடம் சொன்னார். அதற்கும் இந்தக் கீரைக்கும் தொடர்பு என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். யாரும் பரிசோதித்துப் பார்க்காத விஷயம் அது.

லயத்துப் பெண்களிடம் அவர் சொல்லிப் பார்த்தார், பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது. கான் கீரை வேண்டாம், மூணு மழையும் பத்தாது, தாளில் வந்திருக்கிறது.

"வெள்ளக்காரி வயித்துக்குப் பத்தாது. நம்ம வயிறு தோட்டத்து வயிறு" என்றார் கருப்பம்மா. எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஒருத்தி கேட்டாள், "அப்பக் கறிக்கு என்னத்தப் பறிக்கிறது?" அதற்கு யாரும் சிரிக்கவில்லை. அடுத்த நாளும் கானில் ஆட்கள் குனிந்திருந்தார்கள். இந்தக் கீரையை விட்டால் வேறு கீரை வெலிமடையிலிருந்து வரும் வானில்தான் இருந்தது, அந்த வான் லயத்துப் பக்கம் திரும்பாது.

அக்கா மட்டும் பறிக்கவில்லை. ஆனால் கோடு போடுவதை அவர் நிறுத்தவில்லை. எழுதாத அந்த எண் எங்காவது இருக்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ. ஜூனில் ஐந்து கோடு. பிறகு எட்டு. நான் வேலையை விட்டுவிட்டுப் புறப்படுவதற்கு முன்னால் விடைபெறப் போனேன். சுவரில் பதினொன்று இருந்தது. இவ்வளவு நீளமாக அந்தச் சுவரில் கோடு போனதே இல்லை என்றார் அக்கா.

"இருபது வரைக்கும் பாத்துட்டு ஒரு குப்பியில போட்டுத் தாறேன் தங்கச்சி. எங்கயாச்சும் குடுத்துப் பாக்கலாம்ல?"

பார்க்கலாம் என்றேன். அப்போது வாசலில் டேங்க் தரையில் இறங்கும் சத்தம் கேட்டது. மாடசாமி நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் கட்டியிருந்த துணி வாய்ப்பக்கம் ஈரமாக இருந்தது. மூச்சு அடங்குவதற்கு நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம்.

"இன்னைக்கு ஏழாம் நம்பரு" என்றார், பதினெட்டு வருடமாகச் சொல்வது போல.

அக்கா துணியை நனைத்துக்கொண்டு போய், பதினொரு கோட்டையும் துடைத்தார். பிறகு அதே துணியை அலசி, மாடசாமியின் கைகளைத் துடைக்க உட்கார்ந்தார்.